அண்டை நிலத்து மழைநீர்

கி.மு. 63ஆம் ஆண்டின் இறுதியில் ரோமாபுரி நீதிமன்றம் ஒன்றில் சிசரோ ஒரு கேலி செய்தார். அவ்வாண்டின் கான்சல் அவர். அடுத்த ஆண்டுக்கான கான்சல் தேர்தலில் வென்றிருந்த முரேனா என்னும் படைத்தலைவர், வாக்குகளை விலைக்கு வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்தார். குற்றம் சாட்டியவர்களுள் ஒருவர் அதே தேர்தலில் தோற்ற செர்வியுஸ் சுல்பிகியுஸ். அவர் அக்காலத்தின் தலைசிறந்த சட்ட அறிஞர். சிசரோவின் நெடுநாள் நண்பரும்கூட. முரேனாவுக்காக வாதாட எழுந்த சிசரோ, நண்பரின் தொழிலையே வேடிக்கைப் பொருளாக்கினார். படைத்தலைவன், சட்ட அறிஞன் இருவருமே விடியுமுன் எழுகிறார்கள். முன்னவனை எக்காளம் எழுப்புகிறது, பின்னவனைச் சேவல் எழுப்புகிறது. முன்னவன் பகைவர் சேனையைத் தடுக்கும் வித்தை அறிந்தவன். பின்னவன் மழைத் தண்ணீரைத் தடுக்கும் வித்தை அறிந்தவன். இந்தப் போக்கில் நீண்ட அப்பேச்சு வென்றது. முரேனா விடுதலையானார்.

கேலியில் வரும் மழைத் தண்ணீர் வெறும் உவமையன்று. ‘மழைநீரைத் தடுக்கும் வழக்கு’ என்ற பெயரிலேயே ரோமானியச் சட்டத்தில் ஒரு வழக்குவகை இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் செய்த வேலையால் மழைநீர் திசைமாறி என் நிலத்தில் பாய்ந்தால், அல்லது பாயும் என்ற அச்சம் இருந்தால், நான் தொடுக்க வேண்டிய வழக்கு அது. கி.மு. 451-450இல் தொகுக்கப்பட்ட பன்னிரு பலகைச் சட்டத்திலேயே அதன் வேர் உண்டு. உரோமர் இத்தாலியின் ஒரு மூலையில் உழவர் கூட்டமாக வாழ்ந்த காலத்தில் பிறந்த சட்டம் என்பதால், சிசரோவின் மாநகரத்து அவைக்கு அது பட்டிக்காட்டுத் தகராறாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் காலம் வேறு தீர்ப்பை எழுதிற்று. முரேனா போரிட்ட மித்ரிடேட்டஸ் யுத்தங்களை இன்று வரலாற்று மாணவர்கள் மட்டுமே அறிவர். செர்வியுஸ் போன்றவர்கள் சேவல் கூவும் நேரத்தில் சிந்தித்த மழைநீர்ச் சட்டமோ, பெயரும் உருவும் மாறி உலகின் பல நாடுகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. அண்டை வீட்டுக் கூரைநீர் நம் சுவரில் வடியும்போது நாம் அறியாமலே அந்தப் பழைய வாதத்திற்குள் நுழைந்துவிடுகிறோம். அந்த வாதம் எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்காமல் விட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

*

இச்சட்டத்தைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி, கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட ‘டைஜெஸ்ட்’ என்னும் பெருந்தொகையிலிருந்து கிடைப்பது. பல நூற்றாண்டுச் சட்ட அறிஞர்களின் கருத்துகளைப் பொருள்வாரியாக அடுக்கிய நூல் அது. அதில் மழைநீருக்கென்று ஒரு தனித் தலைப்பே இருக்கிறது.

அங்கே பேசும் உல்பியானின் விளக்கம் தெளிவானது. நீர் பள்ளம் நோக்கி ஓடுவது இயற்கை. மேட்டு நிலத்திலிருந்து இயல்பாக இறங்கும் நீரைப் பள்ளத்து நிலம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதற்காக யார்மீதும் வழக்கிட முடியாது. மனிதக் கை குறுக்கிட்டால் மட்டுமே வழக்கு எழுகிறது. ஒருவன் செய்த வேலையால் நீர் முன்னைவிட அதிகமாகவோ, விரைவாகவோ, வேகம் கூடியோ பாய்ந்தால் அவன் பொறுப்பாளி. நீரை அணைத்துத் தேக்கி அயல்நிலத்தில் பொங்கச் செய்தாலும் அவ்வாறே. ஆக, நீர் யாருடையது என்பது அங்கே கேள்வியே அன்று. அதன் ஓட்டத்தை மாற்றிய கை யாருடையது என்பதுதான் கேள்வி.

எளிய கோடு போலத் தெரிகிறது. ஆயினும் கோடு போட்டவுடனேயே சிக்கல்கள் முளைத்தன. உழுவதும் கை செய்யும் வேலைதானே. உழவுசாலில் திரண்டு ஓடும் நீருக்கு உழவன் பொறுப்பாவானா? பயிர் விளைவிக்க ஏர் ஓட்டியதற்கு வழக்கில்லை என்று விலக்களித்தார்கள். அப்படியானால் வயலில் நீர் வடிய வெட்டிய கால்வாய்க்கு? அதில் அறிஞர்கள் கருத்து வேறுபட்டார்கள். வேளாண்மை என்ற சொல் எதுவரை நீளும் என்ற அந்த வாதம், படிப்பவர்க்கு இன்றைய நீதிமன்ற நடவடிக்கை போலவே ஒலிக்கும்.

பள்ளத்து நிலத்துக்காரன் ஏன் இந்தச் சுமையைத் தாங்க வேண்டும் என்பதற்கு அந்நூல் சொல்லும் காரணம் அழகானது. மேட்டு நிலத்தின் மண்வளமெல்லாம் மழையோடு கீழே இறங்குகிறது. அந்த நன்மையைப் பெறுகிறவன் நீரால் வரும் தொல்லையையும் பொறுத்துக்கொள்வது நியாயம். வண்டலுக்கு ஈடாக வெள்ளம். ஆற்றுப்படுகையில் பயிரிடும் எந்த விவசாயிக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

*

சிசரோவின் கேலிக்கு ஆளான செர்வியுஸ் பின்னர் கான்சலானார். மகள் துல்லியா இறந்தபோது சிசரோவுக்கு அவர் எழுதிய ஆறுதல் கடிதம் இலத்தீன் இலக்கியத்தில் இடம்பெற்றுவிட்டது. கி.மு. 43இல் அரசுத் தூதராகச் சென்ற வழியில் அவர் இறந்தபோது, அவருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று செனட்டில் முழங்கியவர் அதே சிசரோதான். ஆனால் நமக்கு இங்கே முக்கியம், செர்வியுஸ் விட்டுச்சென்ற மாணாக்கர் பரம்பரை. அவர்களுள் இருவரான அல்ஃபேனுஸ் வாருஸும் ஔஃபிதியுஸ் நமுசாவும் மழைநீர்த் தலைப்பில் ஒரே பகுதியில் அடுத்தடுத்து வருகிறார்கள்.

வாருஸ் எழுப்பும் சிக்கல் இது. பக்கத்து நிலத்தில் ஒரு கரை இருந்தது. வெள்ளம் அதை உடைத்தது. கரை போனதால் இப்போது மழைநீர் என் நிலத்தைக் கெடுக்கிறது. கரையை மீண்டும் எழுப்பு என்றோ, நான் எழுப்பிக்கொள்ள விடு என்றோ அயலானை வற்புறுத்த முடியுமா? இயற்கையான கரை என்றால் முடியாது என்கிறார் வாருஸ். மனிதர் கட்டிய கரைதான், ஆனால் கட்டியது யார் நினைவிலும் இல்லை என்றால், அப்போதும் முடியாது.

அகஸ்டஸ் காலத்து லபேயோ இங்கே மறுக்கிறார். கைவேலையான கரை என்றால், நினைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வழக்கு நிற்கும் என்பது அவர் முடிவு. அதற்கு அவர் தரும் காரணத்தில் இச்சட்டத்தின் எல்லை முழுதும் அடங்கியிருக்கிறது. அயலானுக்கு நன்மை செய் என்று இவ்வழக்கால் எவரையும் கட்டாயப்படுத்த இயலாது. தீமை செய்யாதே என்று மட்டுமே கட்டாயப்படுத்தலாம். தனக்குரியதைச் செய்கிறவனைத் தடுக்காதே என்றும் சொல்லலாம்.

இயற்கைக் கரை உடைந்தவனுக்கு அப்போது என்னதான் வழி? மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இதையெல்லாம் எடுத்தெழுதும் பவுலுஸ் ஒரு படி மேலே போகிறார். கரையை எழுப்புவது எனக்கு நன்மை. அவனுக்கோ எந்தத் தீங்கும் இல்லை. அப்படியிருக்க, அவன் நிலத்தில் நான் இறங்கிக் கரையைச் சீர்செய்ய ஏதேனும் ஒரு வழியைச் சட்டம் திறந்துவிட வேண்டும் என்கிறார் அவர். சட்டம் நமக்குக் கைகொடுக்காத இடத்திலும் நேர்மை இதைத்தான் சொல்கிறது என்பது அவர் கூற்றின் சாரம். அடுத்ததாக நமுசாவின் குறிப்பு வருகிறது. கீழ்நிலத்தில் குப்பை அடைத்து, நீர் எதிர்த்தேங்கி மேல்நிலத்தைக் கெடுத்தால், அடைப்பை எடுக்க அனுமதிக்கும்படி கீழ்நிலத்துக்காரன்மீது வழக்கிடலாம்.

நீர் விரயமும் நீர்த் தேக்கமும் பற்றிய சச்சரவுகளில் பெரும்பாலானவை கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். தீங்கை நிறுத்தும் வழி அடுத்தவர் மண்ணில் இருக்கிறது. அவர் கதவைத் திறக்காமல் அது நடவாது.

*

நம் பக்கத்திலிருந்து இந்தச் சிக்கலைப் பார்த்தவர்களும் உண்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் 1905இல் மைசூர் கீழ்த்திசை நூலகத்திற்கு அளித்த சுவடி வழியாக மீண்டும் வெளிச்சம் கண்டு, 1909இல் சாம சாஸ்திரியால் அச்சேறியது. அதன் மூன்றாம் பகுதியில் வீட்டுமனைச் சச்சரவுகளைப் பேசும் அத்தியாயம் உண்டு. நீர் ஓடும் கால்வாயை அண்டை வீட்டிலிருந்து மூன்று அடியோ ஒன்றரை முழமோ தள்ளி, சரிவாக அமைக்க வேண்டும்; மீறினால் 54 பணம் தண்டம். இங்கே அடி என்பது ‘பதம்’ என்ற அக்கால அளவு. அடுத்தடுத்த கூரைகளுக்கிடையே நான்கு விரற்கடை இடைவெளி, அல்லது ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருத்தல். உரோமானியர் நியாயத்தின் வேரைத் தேடியபோது, கௌடில்யர் முழக்கோலை எடுத்துவந்து அளந்து வைத்துவிட்டார் எனலாம்.

இடைக்கால இலண்டனும் அளந்துதான் பார்த்தது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில், நகரின் முதல் மேயரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் கட்டட விதிகளின்படி, கழிப்பறைக் குழி கல்லால் கட்டப்பட்டதாயின் அண்டை மனையிலிருந்து இரண்டரை அடியும், இல்லையெனில் மூன்றரை அடியும் தள்ளியிருக்க வேண்டும். அயலார் தொல்லை வழக்குகளுக்கென்றே ஒரு மன்றம் இருந்தது. கொத்தர்களும் தச்சர்களும் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தந்தார்கள். 1314இல் ஆலிஸ் வேட் என்ற பெண்மணிமீது அங்கே ஒரு வழக்கு வந்தது. பல வீடுகளின் அடியில் ஓடிய மழைநீர்க் கால்வாயில், தன் மேல்மாடிக் கழிப்பறையிலிருந்து ஒரு மரக்குழாயை அவர் இணைத்துவிட்டார். கால்வாய் அடைத்துக்கொண்டது. நாற்றம் தாங்காத அண்டை வீட்டார் முறையிட்டனர். நாற்பது நாளில் குழாயை அகற்றும்படி தீர்ப்பாயிற்று. எழுநூறு ஆண்டுகள் கழிந்தும் மழைநீர் வடிகாலில் கழிவுநீர் இணைப்புகள் பிடிபடும் செய்தி நமக்கு ஓயவில்லை.

தமிழகத்துச் செப்பேடுகள் இன்னொரு கோணத்தைத் தருகின்றன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை இராஜராஜ சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் கொடையளித்த செய்தியைச் சொல்லும் ‘லெய்டன் செப்பேடு’ நம்மில் பலர் அறிந்தது. கொடையோடு சேர்ந்துவரும் உரிமைகளை அது வரிசைப்படுத்துகிறது. வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சிக்கொள்ளும் உரிமையும், நீரை வடித்துவிடும் உரிமையும் அங்கே இரட்டையாக நிற்கின்றன. அந்த வாய்க்கால்களைக் குறுக்கே வெட்டிப் பிறர் கிளை பிரிக்கக் கூடாது, சிற்றேற்றம் வைக்கக் கூடாது, கூடையால் இறைக்கக் கூடாது என்ற தடைகள் தொடர்கின்றன. காவிரிப் படுகையின் சமவெளியில் நீர் வருவது எவ்வளவு பெரிய செய்தியோ, அது வெளியேறுவதும் அவ்வளவு பெரிய செய்தி. வடிகால் இல்லாத வயல் விளையாது என்பதை அரசாணை எழுதியவரும் அறிந்திருந்தார்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பழைய நதிகள் யாவும் நவீன நீதிமன்றங்களில் வந்து கலந்தன. பிரான்சின் 1804ஆம் ஆண்டுச் சிவில் சட்டத் தொகுப்பின் 640ஆம் பிரிவு, மனிதக் கை படாமல் இயல்பாக இறங்கும் நீரைக் கீழ்நிலம் ஏற்க வேண்டும் என்று உல்பியானை ஏறத்தாழ அப்படியே திருப்பிச் சொன்னது. 681ஆம் பிரிவு, கூரைநீர் தன் மனையிலோ பொதுவழியிலோதான் விழ வேண்டும், அயலார் மனையில் விழக் கூடாது என்றது. 1819இல் அத்தொகுப்பு புதுச்சேரியில் பிரகடனம் செய்யப்பட்டது. பாக் நீரிணைக்கு அப்பால், டச்சுக்காரர் கொண்டுவந்த ரோமன்-டச்சுச் சட்டம் இலங்கையின் பொதுச்சட்டமாக நிலைத்தது.

இங்கிலாந்தில் நடந்ததோ வேறு. 1860 டிசம்பரில், லங்காஷயரில் ஒரு ஆலைக்காகப் புதிதாகக் கட்டிய நீர்த்தேக்கம் உடைந்து, அடியில் கைவிடப்பட்டிருந்த பழைய சுரங்கத் தண்டுகள் வழியே இறங்கி, அண்டைச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ஆலை முதலாளி ஜான் ரைலண்ட்ஸ். மான்செஸ்டரில் அவர் பெயரில் மனைவி நிறுவிய நூலகத்தை நம் வாசகர்கள் அறிந்திருக்கக் கூடும். வேலையைச் செய்தவர்கள் ஒப்பந்தக்காரர்கள். அவர் பக்கம் கவனக்குறைவு எதுவும் இல்லை. ஆயினும் அவரே பொறுப்பு என்று 1868இல் பிரபுக்கள் சபை முடிவுகூறியது. இயல்புக்கு மாறாகத் தன் நிலத்தில் ஆபத்தான ஒன்றைத் திரட்டி வைத்தவன், அது தப்பி ஓடினால் விளையும் தீங்குக்கு, தவறு செய்யாவிட்டாலும் ஈடு சொல்ல வேண்டும்.

இந்தத் தீர்ப்பின் ஈரம் காயுமுன் அது சென்னை மாகாணத்தின் ஏரிக்கரையில் வந்து மோதியது. இன்றைய ஆந்திரத்தில் இருக்கும் கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து மதராஸ் ரயில்வே கம்பெனியின் பாதையைச் சேதப்படுத்தின. கம்பெனி ரைலண்ட்ஸ் தீர்ப்பைக் கையிலெடுத்து வழக்கிட்டது. நீரைத் திரட்டி வைத்தவர் ஜமீன்தார், நீர் தப்பியது, ஆகவே ஈடு கொடு என்றது. வழக்கு இலண்டனின் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1874இல் அங்கே கம்பெனி தோற்றது. இந்த ஏரிகள் ஒரு முதலாளி தன் இலாபத்துக்குத் தோண்டிய குட்டைகள் அல்ல. தொன்றுதொட்டு வரும் நாட்டு நீர்ப்பாசன அமைப்பின் உறுப்புகள். இவற்றைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை, அழித்துவிட அவருக்கு அதிகாரமில்லை. கவனக்குறைவு நிறுவப்படாதவரை அவர் பொறுப்பல்ல. லங்காஷயரின் நீர்த்தேக்கத்துக்கும் தொண்டை நாட்டு ஏரிக்கும் உள்ள வேறுபாட்டை, ஏரியைக் கண்டிராத நீதிபதிகள் உணர்ந்து எழுதிய தீர்ப்பு அது.

எட்டாண்டுகள் கழித்து, 1882இல், இந்திய வசதியுரிமைச் சட்டம் வந்தது. அதை வரைந்த விட்லி ஸ்டோக்ஸ் சட்ட அறிஞர் மட்டுமல்லர், கெல்டிக் மொழிகளின் பெரும் புலவரும் ஆவார். முதலில் சட்டம் நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் சென்னை மாகாணம் ஒன்று. அதன் ஏழாம் பிரிவின் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, மேல்நிலத்தில் இயல்பாக ஊறும் அல்லது விழும் நீர், வரையறுத்த வாய்க்கால் இல்லாதபோது, கீழ்நிலத்தின் வழியே இயல்பாக ஓட விடப்பட வேண்டும் என்கிறது. ‘இயல்பாக’ என்ற சொல்தான் அங்கே அச்சாணி. குழாய் வைத்துத் திரட்டிக் கொட்டும் நீருக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் இருபது ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையாகவே அது நடந்துவந்தால், அதே சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி உரிமையாகவே உறைந்துவிடலாம். அண்டை வீட்டாரின் தாராளத்தைப் பொறுத்துப்போகும் நம் வழக்கத்திற்கு இது ஒரு மறைமுக எச்சரிக்கை.

*

லபேயோவின் வரம்புக்கு மீண்டும் வருவோம்: அயலானுக்கு நன்மை செய்யுமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. நம் ஏரிப்பாசன ஊர்களின் மரபு இவ்விடத்தில் ரோமிலிருந்து விலகி நின்றது. குடிமராமத்து என்ற பெயரில், ஏரிக்கரையையும் வரத்துக்காலையும் வடிகாலையும் தூர்வாரிச் செப்பனிடுவது ஊரார் அனைவரின் கடமையாயிருந்தது. என் வயலுக்குமேல் உள்ள வாய்க்காலைச் சீர்செய்வது என் கடன், கீழே உள்ளவனுக்கும் அது பயன். நன்மை செய்யும்படி கட்டாயப்படுத்திய மரபு அது. 1858இல் சென்னை மாகாணத்துக்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி, அம்மரபைச் சட்டத்தால் தாங்கிப்பிடிக்க அரசு முனைந்தது. மரபு தானாக நடந்தவரை சட்டம் தேவைப்படவில்லை. சட்டம் தேவைப்பட்டபோது மரபு தளர்ந்துவிட்டிருந்தது.

இதைப் பொற்காலமாக வருணிக்க வேண்டியதில்லை. அந்த உழைப்பின் பெரும்பாரம் நிலமற்ற குடிகளின் தோளில்தான் விழுந்தது. நன்மையின் பெரும்பங்கு நிலமுடையவர்க்குப் போயிற்று. ஊரின் தாழ்ந்த பகுதியில், எல்லா வீட்டு நீரும் வந்து தேங்கும் இடத்தில் யாருடைய குடிசைகள் இருந்தன என்பதும் நாம் அறிந்ததே.

உல்பியான் சொன்ன ஈட்டுக் கணக்கும் இங்கேதான் முறிகிறது. மேட்டு நிலத்து வெள்ளத்தோடு வண்டல் வரும், அதனால் பொறுத்துக்கொள் என்றார் அவர். நகரத்தில் மேட்டு மனையிலிருந்து வருவது வண்டல் அல்ல. சிமெண்டுத் தளத்தில் ஒரு சொட்டும் உறிஞ்சப்படாமல் வழியும் நீர், அதோடு கலந்த சாக்கடை. பெறுகிறவனுக்கு ஈடாக எதுவுமே இல்லை. அதைவிட, எது இயற்கை மட்டம் என்பதே கரைந்துபோய்விட்டது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச்சாலை போடுகிறார்கள். சாலை உயர்கிறது. புதிதாகக் கட்டுகிறவர் சாலைக்குமேல் மூன்றடி ஏற்றிக் கட்டுகிறார். நாற்பது ஆண்டுக்கு முன் மேட்டில் கட்டிய வீடு, நின்ற இடத்தில் நின்றபடியே பள்ளத்து வீடாகிவிடுகிறது. சுரண்டிவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழகத் தலைமைச் செயலாளரே அறிவுறுத்த வேண்டியிருந்தது. நீரின் ஓட்டத்தை மாற்றிய கை யாருடையது என்று கேட்டால், இன்று ஒரு தெருவே கையை உயர்த்த வேண்டியிருக்கும். மாநகராட்சியும் உடன் நிற்கும்.

ஆகவே சட்டம் அளிக்கும் பாதிப் பாதுகாப்பை நாம் குறைத்து மதிக்க வேண்டியதில்லை. கூரைக்குழாயை என் மதிலுக்குள் திருப்பாதே என்று சொல்லும் உரிமை இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு வயதுடையது. அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். நீர் வழிந்த தேதியைக் குறித்து வைப்பதும், எழுத்தில் தெரிவிப்பதும், இருபது ஆண்டு ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். ஆனால் மறுபாதி சட்டத்திடம் இல்லை. இரு மனைகளுக்கிடையே ஒரு முழ அகலச் சந்து. அதில் ஒரு பொது வடிகால். அடைப்பு அவர் பக்கம், தேக்கம் நம் பக்கம். நீதிமன்றத்தில் அது பல ஆண்டு வழக்கு. சந்தின் கதவு திறந்தால் மண்வெட்டியோடு ஒரு காலைப்பொழுது வேலை. எனக்கு நன்மை, அவனுக்குத் தீங்கில்லை, ஆகவே இறங்க விட வேண்டும் என்று பவுலுஸ் எழுதியது அந்தக் கதவைப் பற்றித்தான்.